பிளாப்பிக்கு வைத்த சந்தனம்

அத்தியாயம் – 11

அர்த்தநாரி எழுந்தான். பாயைச் சுருட்டி மூலையில் சாத்தினான். மோட்டார் போட்டான். தொட்டி நிறையும்வரை பல் துலக்கினான். பாலைக் காய்ச்சி, ஆற்றி, மகள் பாப்பாயியை எழுப்பிக் குடிக்கவைத்தான். தலை வாரிவிட்டான். இரட்டைச் சடை அவனுக்கு இன்னும் கைவரவில்லை. உச்சியில் ஒற்றைக் குடுமியாக அள்ளி ரிப்பன் கட்டினான். மூன்று வயதுக் குழந்தை அதைத் தொட்டுப் பார்த்துவிட்டு வெளியே ஓடியது. அவன் டம்ளரைக் கழுவிக் கவிழ்த்தான்.

பங்குனியில் மனைவி பெரியநாயகி போனதிலிருந்து காலை இப்படித்தான். மஞ்சள் காமாலை. சேலத்தில் ஓர் ஆஸ்பத்திரி. அதற்குமேல் அவன் யாரிடமும் சொன்னதில்லை.

சொந்த ஊரான கெங்கவல்லியில் அவனுக்கென்று யாரும் மிச்சமில்லை. பரமத்தி ரோட்டில் மாமியார் சென்னம்மாளின் கோழிப்பண்ணையிலேயே தங்கிவிட்டான். கணவரை இழந்த பிறகு தனி ஆளாகப் பண்ணையை ஏற்றிவிட்ட பெண்மணி அவர். சந்தையில் முட்டை வியாபாரிகள் அவர் வாயைப் பார்த்துத்தான் விலை பேசுவார்கள். மாப்பிள்ளை படித்த படிப்பை நம்பி, நாமக்கல்லில் யாரும் வாங்கத் துணியாத கம்ப்யூட்டரைத் தீவனக் கணக்குக்கென்று வாங்கிப் போட்டவரும் அவர்தான்.

அந்தச் சென்னம்மாள்தான் போன வெள்ளிக்கிழமை, சோறு போட்டுக்கொண்டே கேட்டார்.

"விசயதசமி நல்ல நாளுங்க மாப்பிள்ளை. அன்னைக்குப் பொழுதோட ஒரு வார்த்தை சொல்லிப்போடுங்க. நம்ம செல்லாயியக் கட்டிக்கறீங்களா இல்லையான்னு."

அவன் சோற்றைப் பிசைந்துகொண்டே இருந்தான்.

"இது என்ற சொந்த ஆசை இல்லீங்க. பெரியநாயகி கடைசியாச் சொன்னது. 'தங்கச்சியக் கட்டிக்கச் சொல்லுங்க'ன்னுதான் கண்ணை மூடுனா."

அந்த நேரத்தில் அவன் ஆஸ்பத்திரிக்கு எதிரே மருந்துக் கடையில் நின்றிருந்தான். திரும்பி வந்தபோது எல்லாம் முடிந்திருந்தது. அவள் என்ன சொன்னாள் என்று அவன் யாரையும் கேட்டதில்லை. இப்போது கேட்காமலே வந்து சேர்ந்திருக்கிறது.

செத்தவள் சொல்லை எப்படித் தட்டுவது? சரி என்று சொல்லிவிடுவதாக முடிவு செய்திருந்தான். அதில் அவனுக்கு சந்தோஷமும் இல்லை, துக்கமும் இல்லை. மோட்டார் போடுவதுபோல அதையும் செய்துவிடலாம்.

இன்றைக்கு விஜயதசமி.

"மாமா! இங்க வாங்க! அம்மா பண்ணி வெச்சிருக்கறதப் பாருங்க!"

கம்ப்யூட்டர் அறையிலிருந்து செல்லாயியின் குரல். பெரியநாயகிக்கு அடுத்தவள். இந்த வருஷம்தான் பி.எஸ்ஸி. கணக்கு முடித்தாள். மாமனுக்குத் துணையாக விலைகளைத் தட்டிக்கொடுக்க ஆரம்பித்தவள், இப்போது புரோகிராமையே பாதி படித்துவிடுவாள். கல்யாணப் பேச்சு எழுந்த நாளிலிருந்து அவனை நேராகப் பார்ப்பதில்லை.

போனான். நேற்று ஆயுதபூஜை. மானிட்டருக்கு விபூதிப் பட்டை. பிரிண்டருக்குக் கதம்பம். மேசைமேல் பூவும் பொரியும். நடுவில், உறையிலிருந்து உருவி வரிசையாக அடுக்கிய பிளாப்பிகள். ஒவ்வொன்றிலும் ஒரு சந்தனப் பொட்டு, அதன்மேல் குங்குமம்.

அவன் ஒன்றை எடுத்துப் பார்த்தான். அட்டையின் நடுவே நீளவாக்கில் ஒரு திறப்பு இருக்கும். உள்ளே சுற்றும், கணக்கெல்லாம் பதிவாகும் பழுப்புத் தகடு அந்த வழியாகத்தான் தெரியும். பொட்டு சரியாக அங்கே காய்ந்திருந்தது.

சென்னம்மாள் வாசலில் வந்து நின்றார்.

"என்னுங் மாப்பிள்ளை?"

"உறையக் கழட்டியா வச்சீங்க அத்தை?"

"உறை மேல வெச்சா உறைக்குத்தானுங்க போகும்? அதான் உருவி எடுத்து, நடுவால பளபளன்னு ஒரு சந்து இருக்குதே, அங்க பாத்து வெச்சேன். தராசுக்கு வெச்சேன், அரவை மெஷினுக்கு வெச்சேன். இதுக்கு வெக்காம உட்டா நல்லாருக்குமா?"

செல்லாயி முகத்தைத் திருப்பிக்கொண்டாள். தோள் குலுங்கியது.

"ஏன் அம்மிணி சிரிக்கற? என்னாச்சு, தொடைச்சாப் போயிடுமில்ல?"

"போகாதுங்க அத்தை," என்றான் அர்த்தநாரி.

வேறு நாளாக இருந்தால் பரவாயில்லை. பூஜையில் வைத்த மெஷினை அன்றைக்குத் தொடக்கூடாது என்பதால் நேற்றுத் தீவனம் அரைக்கவில்லை. இருக்கும் மூட்டை சாயங்காலம்வரை தாங்காது. அதோடு, கடைசியாக வந்த கருவாட்டுத் தூளில் பாதி மணல். சென்னம்மாள் லாரியை அப்படியே திருப்பி அனுப்பிவிட்டார். அதற்குப் பதில் சோயாப் புண்ணாக்கு வந்து இறங்கியிருந்தது. அவனுடைய புரோகிராம் சோயா என்ற பொருளையே அறியாது. அதைச் சேர்த்துப் புரோகிராமை மறுபடி கட்ட வேண்டும்.

கட்டுவதற்கு வேண்டிய பிளாப்பியில்தான் சந்தனம்.

புரோகிராம் முழுதும் அவன் எழுதியதில்லை. விலையைக் கேட்பது, விடையை அச்சடிப்பது, இவை அவனுடையவை. எந்தப் பொருளும் அளவு மீறாமல், குறைந்த செலவில் கலவையைக் கண்டுபிடிக்கும் கணக்கு மட்டும் வெளியே வாங்கியது. பண்ணையில் சோளத்தை அரைப்பார்கள், புண்ணாக்கை இடிப்பார்கள், வைட்டமினை மட்டும் பொட்டலமாகக் கடையில் வாங்கிக் கலப்பார்கள் அல்லவா, அதுமாதிரி. சேலம் அரிசிப்பாளையத்தில் ஜெபமலர் என்று ஒரு கணக்கு எம்.எஸ்ஸி. இருந்தாள். இப்படிப்பட்ட கணக்குகளை எழுதி பிளாப்பியில் விற்றாள். அதற்கு லைப்ரரி என்று பெயர். புரோகிராமைக் கட்டும்போது அவன் எழுதியதையும் அவள் எழுதியதையும் சேர்த்து முடிச்சுப் போட வேண்டும்.

லைப்ரரியை அவன் ஒரே ஒரு பிளாப்பியில்தான் வைத்திருந்தான். காலி பிளாப்பி கிடைப்பது குதிரைக்கொம்பு. கிடைத்ததிலெல்லாம் முட்டைக் கணக்கு ஏறிவிடும்.

"இது ஒண்ணு இருக்குதுங்க மாமா." செல்லாயி மேசை இழுப்பறையைத் திறந்து, பிரிக்காத தபால் உறை ஒன்றை எடுத்தாள். "ஆடி மாசம் வந்துச்சு. புது லைப்ரரின்னு போட்டிருக்குது. நீங்கதான் தொடவே இல்ல."

மேசைக்கும் நாற்காலிக்கும் பொட்டு வைத்த சென்னம்மாள், இழுப்பறையைத் திறக்காமல் விட்டிருந்தார்.

"முடியுமுங்களா? இல்ல, பழையபடி கைக்கணக்காக் கலந்துபோடறதா?"

"மத்தியானத்துக்குள்ள தர்றேன் அத்தை."

புரோகிராம் பிளாப்பி டிரைவுக்குள்ளேயே இருந்ததால் பொட்டுக்குத் தப்பியிருந்தது. சோயாவைச் சேர்த்தான். புது லைப்ரரியோடு முடிச்சுப் போட்டான். திரையில் வரிவரியாகப் புகார் ஓடியது. நீ கூப்பிடுகிற பெயரில் இங்கே யாரும் இல்லை என்றது கம்ப்யூட்டர்.

உறையோடு ஒரு தாள் வந்திருந்தது. ஜெபமலர் எல்லாப் பெயர்களையும் மாற்றியிருந்தாள்.

"வரிசையாச் சொல்லு செல்லாயி. நான் மாத்துறேன்."

அவள் தாளைப் பார்த்துப் பழைய பெயரையும் புதிய பெயரையும் படித்தாள். அவன் தட்டினான். ஒரே பெயர் புரோகிராமில் எங்கெங்கோ கிடந்தது. கொசுவலையில் ஓட்டை தேடுவதுபோல ஒவ்வொன்றாகத் தேடித் தைத்தார்கள். கடைசியில் முடிச்சு விழுந்தது. புகார் இல்லை. விலைகளைக் கொடுத்தான். பிரிண்டர் கிரீச்சிட்டுக் கலவையை அச்சடித்தது.

பிரிண்டரிலிருந்து தாளைக் கிழித்தெடுத்தது அவனல்ல. பின்னாலேயே நின்றிருந்த சென்னம்மாள்.

"கொஞ்சம் இருங்க அத்தை. சரி பார்க்கணும்."

"மெஷின் சொன்னதை நீங்க என்னத்தச் சரி பாக்கறது? ஆளுங்க சும்மா நிக்கறாங்க."

போய்விட்டார்.

அவன் போன மாதத் தாளை எடுத்தான். அதே விலை, சோயா இல்லாமல் அதே பழைய பொருள்கள். அதே கேள்விக்கு அதே விடைதான் வர வேண்டும். ஓட்டினான். செல்லாயி இரண்டு தாளையும் அருகருகே வைத்து விரலை இறக்கிக்கொண்டே வந்தாள். விரல் நின்றது.

"மாமா. உப்பு."

பழைய தாளில் ஒரு கைப்பிடி. புதிய தாளில் அரை மூட்டை.

அவன் நாற்காலியைத் தள்ளிக்கொண்டு எழுந்து ஓடினான்.

தீவனக் கொட்டகையில் கலவை மெஷின் சுற்றிக்கொண்டிருந்தது. முதல் கலவை மூட்டைக்குள் விழுந்துகொண்டிருந்தது.

"நிறுத்துங்க!"

அவன் குரல் அவ்வளவு உயர்ந்து ஏழு மாதமாக அந்தப் பண்ணையில் யாரும் கேட்டதில்லை. மெஷின்காரர் கை தானாகச் சுவிட்சுக்குப் போனது. அர்த்தநாரி மாமியாரின் கையிலிருந்த தாளை வாங்கி நாலாகக் கிழித்தான்.

"தப்பு அத்தை. உப்பு தப்பு. இதைத் தின்னா கோழி தண்ணியாக் குடிச்சே செத்துப்போகும்."

"நீங்க எழுதுனதுதானுங்களே?"

"நான் எழுதுனதுதான். தப்பு."

சென்னம்மாள் மூட்டையில் விரலை விட்டு ஒரு சிட்டிகை எடுத்து நாக்கில் வைத்தார். உடனே துப்பினார்.

"யாத்தே!" பிறகு முகம் மாறியது. "ஒரு மூட்டை மூணாங் கொட்டகைக்குப் போயிருச்சே!"

செல்லாயி ஏற்கெனவே பாவாடையைத் தூக்கிச் செருகிக்கொண்டு ஓடிக்கொண்டிருந்தாள். வண்டியிலிருந்து இறக்கிப் பிரித்துக்கொண்டிருந்தவரிடமிருந்து மூட்டையைப் பிடுங்கித் தரையில் சாய்த்து, அதன் மேலேயே உட்கார்ந்துவிட்டாள். அவர்கள் போய்ச் சேர்ந்தபோது அப்படித்தான் இருந்தாள், மூச்சு வாங்க.

"ஒண்ணுகூடத் திங்கலீங்க மாமா."

டெலிபோன் எக்ஸ்சேஞ்சில் சொல்லிச் சேலத்துக்கு அர்ஜென்ட் கால் பதிவு செய்தான். கொஞ்ச நேரத்தில் மணி அடித்தது.

"ஜெபமலர் பேசுறேன். யாரு, நாமக்கல் கோழி சாரா?"

"உங்க புது லைப்ரரி உப்பை அள்ளிக் கொட்டுதுங்க."

"உப்புக்கு முன்னாடி வரிசையில என்ன இருக்கு?"

"தவிடு."

"அப்ப சரிதான். தவிட்டோட அளவு உப்புக்குப் போயிருக்கும். பழசுல முதல் பொருளுக்கு நம்பர் ஒண்ணு. புதுசுல பூஜ்யத்துலருந்து எண்ணுறேன். நீங்க பழைய நம்பர்லயே கொடுத்திருக்கீங்க. எல்லாரும் ஒரு எடம் தள்ளி உக்காந்துட்டாங்க."

"அதைச் சொல்லியிருக்கலாமே?"

"எழுதியிருக்கேனே. தாளுக்குப் பின்பக்கம்."

அவன் தாளைத் திருப்பினான். இருந்தது. கோடு போட்டே எழுதியிருந்தாள்.

"பழைய லைப்ரரி உங்ககிட்ட இருக்குங்களா?"

"எங்க சார்? அதே பிளாப்பியில புதுசை எழுதிட்டேன். உங்க பழசு என்னாச்சு?"

"சந்தனம் வச்சிட்டாங்க."

மறுமுனையில் பெரிய சிரிப்பு.

"வருத்தப்படாதீங்க. போன கிறிஸ்மஸுக்கு எங்கம்மா கீபோர்டு மேல தீர்த்தம் தெளிச்சாங்க. ரெண்டு எழுத்து இன்னும் ஒட்டிக்கிட்டுத்தான் வேலை செய்யுது. அது கெடக்கட்டும். உங்க புரோகிராம்ல என் லைப்ரரியை எத்தனை எடத்துல கூப்பிடுறீங்க?"

"எங்க பார்த்தாலும்."

"அதான் தப்பு. நான் இன்னொரு தரம் மாத்துவேன். மாத்தாம இருக்கச் சொல்லாதீங்க, என்னால முடியாது. உங்களுக்கும் எனக்கும் நடுவுல ஒரே ஒரு கதவு வச்சிக்குங்க. உங்க ஆளுங்க எல்லாரும் அந்தக் கதவைத் தட்டட்டும். கதவு மட்டும் என்கிட்ட பேசட்டும். நான் மாறுனா நீங்க கதவை மாத்துனாப் போதும், வீட்டையே இடிக்க வேண்டாம். அப்புறம், இந்தப் பிளாப்பியை இன்னைக்கே இன்னொண்ணுல எடுத்து வைங்க."

"சரிங்க."

"உப்புத் தப்புன்னு யாரு கண்டுபிடிச்சது?"

"என் மச்சினி. தாளை வச்சு ஒப்பிட்டுப் பார்த்தா."

"வேலைக்கு வருவாங்களா? எனக்கு ஆள் இல்லாம உயிர் போகுது. ஹாஸ்டல் பக்கத்துலயே இருக்கு. கேட்டுச் சொல்லுங்க."

ரிசீவரிலிருந்து வந்த குரல் அறை முழுக்கக் கேட்டது. செல்லாயி சந்தனம் பட்ட பிளாப்பிகளை அடுக்கி முடித்திருந்தாள். மறுபடி கலைத்து அடுக்கினாள்.

"கேட்டுச்சா?" என்றான்.

"அம்மாகிட்ட இப்பச் சொல்லாதீங்க மாமா," என்றாள். இல்லை என்று சொல்லவில்லை.

கதவு எழுத அவர்களுக்கு வெயில் சாயும்வரை ஆனது. அவன் எழுதினான். அவள் பழைய அழைப்புகளை ஒவ்வொன்றாக அழித்துக் கதவின் பக்கம் திருப்பிவிட்டாள். ஒன்று, பூஜ்யம் என்ற வித்தியாசம் அந்த ஒரு இடத்தோடு முடிந்தது. நடுவில் பாப்பாயி வந்து மானிட்டரைத் தொட்டாள்.

"அப்பா, மெசினுக்குக் காச்சலா?"

"இல்ல சாமி. சரியாயிடுச்சு."

அவன் வாயிலிருந்து சாமி என்று வந்ததைக் கேட்டு செல்லாயி நிமிர்ந்து பார்த்தாள். கெங்கவல்லிக்காரன் அப்படிப் பேசுவதில்லை. அது பெரியநாயகியின் வாய்.

போன மாதக் கணக்கை ஓட்டினார்கள். மேலிருந்து கீழ்வரை அதே விடை. பிறகு சோயாவோடு ஓட்டினார்கள். தாள் வந்தது. இந்த முறை சென்னம்மாள் அதைத் தொடவில்லை. மூட்டை ஒன்றின்மேல் உட்கார்ந்து, கைகளை மடியில் வைத்துக்கொண்டு காத்திருந்தார்.

"சரி பாத்தாச்சுங்களா மாப்பிள்ளை?"

"பார்த்தாச்சு."

"ரெண்டு பேரும்?"

"ரெண்டு பேரும் அத்தை."

அதற்குப் பிறகுதான் கை நீட்டி வாங்கினார்.

கலவை மெஷின் மறுபடி சுற்றியது. கொட்டகைகளில் தீவனம் விழுந்ததும் கோழிகளின் கொக்கரிப்பு ஒருசேர அடங்கி, கொத்தும் சத்தம் மட்டும் கேட்டது. அர்த்தநாரி கொஞ்ச நேரம் அதைக் கேட்டுக்கொண்டு நின்றான். பசித்தது. தனக்குப் பசிக்கிறது என்பதே அவனுக்குப் புதிதாக இருந்தது.

பொழுது இறங்கியது. வாசலில் கட்டில் போட்டு சென்னம்மாள் உட்கார்ந்திருந்தார். பாப்பாயி அவர் மடியில் தலைவைத்துத் தூங்கிப்போயிருந்தாள். செல்லாயி தண்ணீர்ச் சொம்பை வைத்துவிட்டுத் தூண் ஓரமாக நின்றாள்.

"காலையில உங்களைப் பேச உட்டிருந்தா அந்த மூட்டையக் கலந்திருக்க மாட்டேன்," என்றார் சென்னம்மாள். "போகட்டும். இப்ப நீங்க பேசுங்க. நான் கேட்டது ஞாபகம் இருக்குதுங்களா?"

"இருக்குங்க."

"என்ன சொல்றீங்க?"

அவன் தொண்டையைச் செருமினான். "பெரியநாயகி கடைசியா அப்படிச் சொல்லியிருந்தா, நான் தட்ட மாட்டேன் அத்தை. நீங்க சொன்னபடியே..."

"மாமா, இருங்க." செல்லாயியின் குரல் நடுங்கியது. ஆனால் நிற்கவில்லை. "சரி பாத்துட்டுச் சொல்லுங்க."

"அம்மிணி, உள்ள போ," என்றார் சென்னம்மாள்.

"அக்கா அதைச் சொல்லலை."

தூரத்தில் பரமத்தி ரோட்டில் ஒரு லாரி ஹாரன் அடித்துக்கொண்டு போனது. சென்னம்மாள் தலை நிமிரவில்லை.

"அவ மனசுல இருந்ததைத்தான் நான் சொன்னேன்."

"மனசுல இருந்தது எனக்குத் தெரியாதுங்கம்மா. வாயில வந்தது தெரியும். நானும் அங்கதான நின்னேன்."

சென்னம்மாள் மறுக்கவில்லை. குழந்தையின் குடுமியை வருடிக்கொண்டிருந்தார். சந்தையில் ஆள்களை அடக்கும் அந்தக் குரல் எங்கோ இறங்கிப்போயிருந்தது.

"இந்தக் கொழந்தைக்காகச் சொன்னேன் சாமி. நீங்க சின்ன வயசு. நாளைக்கு மெட்ராசுல ஒரு வேலைன்னு போயிட்டீங்கன்னா, இதையும் கூட்டிட்டுப் போயிட்டீங்கன்னா, எனக்கு அவளோடதுன்னு என்ன இருக்குது? உங்களைக் கட்டிப்போட எனக்கு வேற கயிறு தெரியலீங்க."

"கட்டிப்போட வேண்டாம் அத்தை. நான் எங்கயும் போகலை."

அவர் நிமிர்ந்து பார்த்தார்.

"எனக்கு இங்க வேலை இருக்கு. மகளும் இங்கதான் இருக்கா. போகமாட்டேன். செல்லாயியை அதுக்காகப் பிடிச்சு வைக்க வேண்டாம்."

சென்னம்மாள் முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டார். "அப்ப இவளுக்கு நான் என்னத்தப் பண்றது?" என்றார். அது சண்டையாக வரவில்லை, கேள்வியாகத்தான் வந்தது. செல்லாயி பதில் சொல்ல வாயெடுத்து, அர்த்தநாரியைப் பார்த்து, இப்போது வேண்டாம் என்று நிறுத்திக்கொண்டாள். சேலம் இன்னொரு நாளைக்குக் காத்திருக்கலாம்.

அர்த்தநாரி எழுந்து தூணருகே வந்தான். ஏழு மாதமாகக் கேட்காத கேள்வி. கேட்டுவிட்டால் அவளுடையது என்று கேட்க இனி எதுவும் மிஞ்சாது என்று பயந்திருந்தான் போலிருக்கிறது. அது இப்போதுதான் தெரிந்தது.

"என்ன சொன்னா, செல்லாயி?"

அவள் அவனை நேராகப் பார்த்தாள்.

"பெருசா ஒண்ணுமில்லீங்க மாமா. டாக்டர் சீட்டு எழுதிக் குடுத்ததும் நீங்க வாங்கிட்டு ஓடுனீங்க. அக்கா கட்டில் ஜன்னலை ஒட்டி இருந்துச்சு, ரோடு தெரியும். தலையத் தூக்கிப் பாத்துச்சு. என்ற கையப் புடிச்சுச்சு. நான் உங்களைக் கூப்பிட ஜன்னல்கிட்டப் போனேன், நீங்க அதுக்குள்ள ரோட்டைத் தாண்டிட்டீங்க. நான் திரும்பறதுக்குள்ள அக்காவுக்கு நெனவு போயிருச்சு. அதுக்கு மேல பேசலை."

"என்ன சொன்னா?"

"'புள்ள, அவரு செருப்புப் போடாமப் போறாரு பாரு. ரோடு கொதிக்குது. கூப்புடு.'"